இரவற் கோடரியும் பழம்பலகையும்

தனித்து வாழ்ந்த சான்றோர் எனப் பெயர் பெற்றாருள் அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ குறிப்பிடத்தக்கவர். வோல்டன் என்னும் பொய்கைக் கரையிலே, பைன் மரக் காட்டினிடையே, தம் கையாற் குடிலொன்று சமைத்து, அதிலே 2 ஆண்டும் 2 மாதமும் 2 நாளும் உறைந்தவர் அவர். அவர் பெயரைக் கேட்ட அளவிலே, ஆளரவமற்ற காடும், அதனிடையே ஒற்றைக் குடிலும், துணையின்றி அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமும் கற்றோர் மனக்கண்முன் தோன்றும். ஆயின் அக்குடில் எழுந்த வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலப்படும். கோடரி இரவல், நிலம் நண்பருடையது, பலகை ஏழைத் தொழிலாளி ஒருவரின் கொட்டிலிலிருந்து கழற்றியது, செங்கல்லும் யன்னலும் முன்னரே பிறர்க்குப் பயன்பட்டவை, சட்டகத்தைத் தூக்கி நிறுத்தியவை பல கைகள். தனிமைக்கு அடையாளமாய் உலகம் போற்றும் அக்குடில், உண்மையிற் பலர் கூடி ஆக்கிய குடில். இதனை உணர்ந்து அவர் வாழ்க்கையை நோக்கின், அவர் பெருமையும் விளங்கும். அவர்பாற் குறையெனச் சொல்லத்தக்கதும் விளங்கும்.

தோரோ 1817 ஆம் ஆண்டு யூலை மாதம் 12 ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்று வாழ்ந்தவர். செல்வமும் வறுமையுமின்றி நடுத்தரமாய் இயங்கிய அக்குடும்பம், அரிதின் முயன்று மைந்தரை ஹார்வாட் கல்லூரிக்கு அனுப்பியது. 1833 முதல் 1837 வரை அங்கே பயின்று ஊர் திரும்பியவர்க்கு ஊர்ப் பாடசாலையிலே ஆசிரியப் பதவி கிடைத்தது. பிரம்பின்றி மாணவரை நடத்துதலே அவர் கருத்து. மேற்பார்வையாளர் ஒருவர் அடித்தே கற்பித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். தோரோ மாணவர் சிலரை அடித்தார். அன்றே பதவியையும் துறந்தார். அப்பதவியில் அவர் இருந்தது சில கிழமைகளே.

பின்னர்த் தமையனார் ஜோனுடன் சேர்ந்து, 1838 முதல் 1841 வரை தாமே ஒரு பாடசாலையை நடத்தினார். அங்கே பாடம் ஏட்டோடு நின்றதில்லை. மாணவரை ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, நிலம் அளத்தலையும் செடிகொடிகளை அறிதலையும் கண்ணாலும் கையாலும் பயிலச் செய்தனர் உடன்பிறந்தார் இருவரும். இடையிடையே தோரோ தந்தையாரின் பட்டறையிலும் உழைத்தார். காரீயத்தை நுண்ணிதாக அரைத்துக் களிமண்ணொடு கலந்து சுடும் முறையைத் திருத்தி, அந்நாட்டிற் கிடைத்த பென்சில்களுள் தந்தையாரின் பென்சில் சிறந்ததெனப் பெயர் பெறச் செய்தவர் அவரே. நூலறிவும் கைத்தொழிலும் ஒருவரிடத்தே இவ்வாறு இணைந்து வளர்ந்தமை நோக்கற்பாலது.

1839 ஆம் ஆண்டு இளவேனிலிலே தமையனும் தம்பியும் ஏறத்தாழ ஒரு கிழமை உழைத்து 15 அடி நீளமுள்ள படகொன்றைக் கட்டினர். ஆகத்து மாத இறுதியிலே அப்படகிற் புறப்பட்டு, கொன்கோட், மெரிமாக் என்னும் ஆறுகள் வழியே சென்று, இரண்டு கிழமையின் பின் மீண்டனர். அவ்வின்பம் நெடிது நிலைக்கவில்லை. 1842 ஆம் ஆண்டு தை மாதத்திலே, சவரக் கத்தி விரலிற் கீறிய சிறு காயத்தினின்றும் ஏற்புநோய் கண்டு, ஜோன் இளமையிலேயே இறந்தார். தம்பியாற் பல நாள் எழுந்து நடமாடவும் இயலவில்லை. அப்படகையும் அவ்வாண்டிலேயே எழுத்தாளர் ஹோதோணுக்கு விற்றுவிட்டார். தமையனாரோடு சென்ற செலவை ஒரு நூலாக எழுதி வைத்தல் வேண்டுமென்னும் வேட்கை மட்டும் அவர் உள்ளத்தே நிலைபெற்றது. எழுதுதற்கு அமைதியான ஓரிடம் வேண்டியிருந்தது. வோல்டன் குடிலின் வித்து இதுவே.

1844 ஆம் ஆண்டிலே இரண்டு செயல்கள் அவ்வித்துக்கு நீர் வார்த்தன. முதலாவது, தந்தையார் புதுவீடு எழுப்பியபோது தோரோ உடனுழைத்தமை. அவ்வீட்டின் நிலவறையைத் தோண்டிக் கல் அடுக்கியவர் அவரே. கட்டடத் தொழில் அவர்க்குக் கைவந்தது அப்பொழுதுதான். இரண்டாவது, அவர்தம் நண்பரும் ஆசான் போன்றவருமான எமேர்சன் வோல்டன் கரையிலே காட்டு நிலம் வாங்கியமை. அந்நிலத்திலே குடிலிட்டு வாழ எமேர்சன் இசைந்தார்.

1845 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியிலே, இரவல் வாங்கிய கோடரியொன்றைத் தோளிற் சுமந்து தோரோ காட்டினுட் புகுந்தார். இரவலின்றி எத்தொழிலையும் தொடங்குதல் அரிது என்பதும், அயலவரும் நம் முயற்சியிற் பங்குகொள்ள அஃது ஒரு வழி என்பதும் அவர் கருத்து. நெடிது வளர்ந்த இளம் பைன் மரங்களை வெட்டினார். முதன்மைச் சட்டங்களை 6 அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். கைமரங்களையும் தளச் சட்டங்களையும் ஒரு பக்கம் மட்டுமே செதுக்கி, ஏனைப் பக்கங்களிற் பட்டையை உரியாது விட்டார். இவ்வாறு விட்டதனால் வேலை குறைந்தது; மரத்தின் வலிமையும் குறையவில்லை. அறுத்த மரத்துக்கு நிகராக அவை நேராகவும் இருந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டிய இடத்திலேயே துளையிட்டுக் கழுந்து செதுக்கினார். ஒருநாட் கோடரிக் காம்பு கழன்றது. பச்சை மரத்தில் ஆப்பொன்று செதுக்கிக் கல்லால் அடித்து இறுக்கி, மரம் ஊறிப் பருக்கும்படி கோடரியைப் பொய்கை நீரில் ஆழ்த்தி வைத்தார். ஆப்பும் காட்டிலிருந்து, சம்மட்டியும் காட்டிலிருந்து. சித்திரை நடுப்பகுதியிலே சட்டகம் நிறுத்துதற்கு ஆயத்தமாயிற்று.

இனிப் பலகை வேண்டும். வோல்டன் பொய்கையின் ஓரமாகச் செல்லும் பிச்பேர்க் இருப்புப்பாதை 1844 ஆம் ஆண்டிலேதான் கொன்கோட் ஊரை அடைந்தது. அதிலே உழைத்தோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். பாதையோரத்திலே கொட்டில்களிட்டு அவர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஜேம்ஸ் கொலின்ஸ் என்பாருடைய கொட்டில் நல்லதெனப் பெயர் பெற்றிருந்தது. தோரோ அதனைப் பார்வையிடச் சென்றார். சுவரைச் சுற்றி 5 அடி உயரத்துக்கு மண் அணைத்திருந்தது, உள்ளே இருள், தரை பெரும்பாலும் வெறுமண். அங்கே ஓர் அடுப்பு, ஒரு படுக்கை, பொன்முலாம் பூசிய சட்டமிட்ட கண்ணாடி, கோப்பி அரைக்கும் பொறி, அக்கொட்டிலிலேயே பிறந்த குழந்தை ஆகியவற்றை அவர் கண்டார். விலை 4 டொலர் 25 சதம் எனப் பேசி முடித்தனர். பணத்தை அன்றிரவே கொடுத்துவிட வேண்டும். மறுநாட் காலை 5 மணிக்குக் குடும்பம் வெளியேறும். 6 மணிக்குக் கொட்டில் தோரோவுடையதாகும்.

மறுநாள் 6 மணிக்கு அவர் செல்லும் வழியிலே அக்குடும்பம் எதிர்ப்பட்டது. அவர்களுடைய உடைமை முழுவதும் ஒரே பெரும் மூட்டையுள் அடங்கியிருந்தது. வீட்டுப் பூனை மட்டும் உடன் செல்லவில்லை. அது காட்டினுட் புகுந்து, வேறு விலங்குக்கு வைத்த பொறியில் அகப்பட்டு மாண்டதெனத் தோரோ பின்னர் அறிந்தார். அன்று காலையிலேயே ஆணிகளைக் கழற்றிக் கொட்டிலைப் பிரித்து, பலகைகளைச் சிறு வண்டியிலே பொய்கைக் கரைக்குக் கொண்டு சென்றார். வெயிலில் வெளுக்கவும் வளைவு நிமிரவும் புல்லின்மேற் பரப்பினார். அவர் வண்டியோடு சென்ற வேளைகளிலே, அயலவர் ஒருவர் நேரான ஆணிகளைத் தெரிந்தெடுத்துத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டாராம். பழம்பொருளின் பயனறிந்தவர் தோரோ ஒருவர் மட்டுமல்லர்.

வைகாசி தொடக்கத்திலே சட்டகத்தைத் தூக்கி நிறுத்தினர். அதற்கு வந்தோர் எமேர்சன், தத்துவ அறிஞர் புறொன்சன் அல்கொற், கவிஞர் எலரி சானிங், உழவர் எட்மன்ட் ஹொஸ்மரும் அவர் மைந்தரும், பின்னாளில் எழுத்தாளராய் விளங்கிய ஜோர்ஜ் கேட்டிசும் அவர் உடன்பிறந்தாரும் என்ப. ஏடெழுதும் கையும் ஏர்பிடிக்கும் கையும் ஒரே வளையைத் தாங்கின. துணையின்றியமையாத நிலையிலன்றி, அயன்மை வளர்க்கும் வாய்ப்பாகவே அவர்களை அழைத்ததாகத் தோரோ குறித்துள்ளார். இக்கூற்றிற் சிறிது பெருமிதம் ஒலிக்கின்றது. 8 அடி உயரமான தூண்களையும் அவற்றைப் பிணித்த சட்டங்களையும் ஒருவர் தனியே எழுப்புதல் எளிதன்று. ஆயினும் உதவியவர்களைப் போற்றி, எவருடைய வீட்டையும் இவர்களிலும் மேலானோர் எழுப்பியதில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருத்தல் அவர் உள்ளத்தைக் காட்டும்.

சுவர்ப்பலகை அடித்துக் கூரை வேய்ந்தவுடன், யூலை மாதம் 4 ஆந் திகதி குடிபுகுந்தார். குடில் 15 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. புகைபோக்கி கட்டியது அதன் பின்னரே. பொய்கைக் கரையிலிருந்து இரண்டு வண்டி அளவு கல்லைக் கைகளாலே சுமந்து மேடேற்றி அடித்தளமிட்டார். மேலே வைத்தவை 1000 பழஞ் செங்கற்கள். அவற்றிலே 50 ஆண்டுப் பழைய சாந்து ஒட்டியிருந்தது. அதனைச் சாந்தகப்பையாலே தட்டித் தட்டி நீக்கினார். பொய்கைக் கரையின் வெண்மணலையே சாந்துக்குச் சேர்த்தார். விரையாது கட்டினமையால், காலையில் நிலமட்டத்திலே தொடங்கிய வரிசை இரவிலே தலையணையாகும் உயரமே எழுந்ததென்று அவரே நகைச்சுவைபடக் கூறுவர். முந்திய மாரியிலே ஆற்றுச் சிப்பியைச் சுட்டுச் சிறிதளவு சுண்ணாம்பும் செய்து பார்த்திருந்தார். மரக்கூரையின் ஓடுகளும் சுவர்ப் போர்வையும், மரத்தை அறுக்கும்போது முதலிற் கழியும் வெளிப்புறச் சிம்புகளாலானவை. எஞ்சிய துண்டுகளால் விறகுக் கொட்டிலும் எழுந்தது.

செலவை அவர் சதம் வரை கணக்கிட்டு எழுதியுள்ளார். பலகைக்கு 8 டொலர் 3½ சதம். கழிவு மரவோட்டுக்கு 4 டொலர். கண்ணாடியொடு கூடிய பழைய யன்னல் இரண்டுக்கு 2 டொலர் 43 சதம். பழஞ் செங்கல்லுக்கு 4 டொலர். ஆணிக்கு 3 டொலர் 90 சதம். வெண்கட்டிக்கு 1 சதம். மொத்தம் 28 டொலர் 12½ சதம். காட்டு மரமும் கல்லும் மணலும் இக்கணக்கில் அடங்கா. அக்காலத்து ஹார்வாட் மாணவர் ஓர் அறைக்கு ஆண்டு வாடகையாகக் கொடுத்தது 30 டொலர். ஓராண்டு வாடகையினும் குறைந்த பணத்துக்கு வாழ்நாள் முழுதும் தங்கும் வீட்டை அமைக்கலாமென்று அவர் காட்டினார். கல்லூரிக் கட்டடத்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு மாணவர் வெறிதே பார்த்திருத்தல் கல்வியாகாது. அடித்தளத்தை அவர்களே இடுதல் அவர்க்கும் நலம், பின் வருவார்க்கும் நலம் என்பது அவர் துணிபு. ஆசிரியர்களாகிய நாம் சிந்திக்கத்தக்க கருத்து இது.

இனி, குறையென்று சொல்லத்தக்கதையும் மறையாது கூறுதல் வேண்டும். 28 டொலர்க் கணக்கிலே நிலத்தின் விலை இல்லை. அதனை எமேர்சன் தாங்கினார். பலகையின் விலை குறைந்தமைக்குக் காரணம் கொலின்ஸ் குடும்பத்தின் வறுமை. கற்றவர் ஒருவர் தம் விருப்பத்தால் எளிமையை மேற்கொள்ளுதற்கு, எளிமையைத் தவிர வேறொன்றும் அறியாத குடும்பமொன்று விடியற்காலையிலே மூட்டை சுமந்து வெளியேறியது. தோரோ வஞ்சித்தாரல்லர், கேட்ட விலையைக் கொடுத்தார். ஆயினும் அவர்கள் எங்கே சென்றனர் என்பதை அவர் எழுதவில்லை. பூனையின் முடிவு அவர் நூலில் உண்டு. குழந்தையின் முடிவு இல்லை. பழம்பொருளைப் பயன்கொள்வார் எவரும் அப்பொருள் எவர் கையைவிட்டு நீங்கியது எனவும் வினாவுதல் அறம். தோரோவின் சிறப்பு யாதெனின், அவ்வினாவை நாம் எழுப்புதற்கு வேண்டிய பெயரையும் விலையையும் நேரத்தையும் அவரே ஒளியாது எழுதி வைத்தமையாம்.

குடிலில் வாழ்ந்த காலத்திலே, 1846 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அடிமை முறையைத் தாங்கி மெக்சிக்கோ மீது போர் தொடுத்த அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிருந்தார். அதன் பயனாய் எழுந்த கட்டுரை 1849 இல் வெளிவந்தது. அதன் சாரத்தைக் காந்தியடிகள் 1907 இல் தென்னாபிரிக்காவிலே தம் இதழில் வெளியிட்டார். அங்கே அவர் நடத்திய அறப்போரிற் சிறைபுகுந்தோருட் பலர் தமிழர். தமையனார் நினைவாய் எழுத விரும்பிய நூலும் குடிலிலேயே உருப்பெற்று 1849 இல் அச்சேறியது. குடில் வாழ்க்கையைக் கூறும் ‘வோல்டன்’ 1854 இல் வெளிவந்தது.

1847 ஆம் ஆண்டு கோடையிலே எமேர்சனின் தோட்டத்திற் கோடைமனையொன்று எழுப்பும் பணி அல்கொற்றிடம் விடப்பட்டது. அவர் நேரான மரத்தை விரும்பாது, இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடி எடுத்துப் பொருத்தினார். சட்டத்தை நூல்பிடித்துச் செதுக்கிப் பழகிய தோரோவுக்கு அம்முறை உவப்பளிக்கவில்லை. கண்டோர் சிலர் நகையாடினர். எனினும் தம் சட்டகத்தைத் தூக்க வந்த நண்பருக்கு அவர் கைகொடுத்து உதவினார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் 6 ஆந் திகதி குடிலை விட்டு நீங்கினார்.

1855 ஆம் ஆண்டு நிகழ்ந்தது கீழைக்கலை பயில்வார் மகிழத்தக்கது. தோமஸ் சொல்மன்டெலி என்னும் ஆங்கில நண்பர், உபநிடதம், பகவத்கீதை, விஷ்ணு புராணம் முதலிய இந்திய நூல்கள் அடங்கிய 44 ஏடுகளைத் தோரோவுக்கு அனுப்பினார். அவர் குடிலில் இருந்த நாளிலேயே கீதையை ஆங்கில மொழிபெயர்ப்பிற் கற்று வியந்தவர். அந்நூல்கள் வருமுன்னரே அவற்றை வைத்தற்கு அடுக்கொன்று செய்தார். அதற்கு மரம் எங்கிருந்து வந்தது? கொன்கோட் ஆற்றிலே மிதந்து வந்த பலகைகளையும் கட்டைகளையும் படகிற் சென்று சேர்த்தே அதனை ஆக்கினார். கங்கைக்கரை ஞானத்துக்கு ஆற்று மரம் இருக்கையாயிற்று.

அயர்லாந்து ஏழைகள்பால் அவர் நெஞ்சம் நாளடைவிற் கனிந்தது. 1852 ஆம் ஆண்டு மாரியிலே, குளிருக்குப் போதிய உடையின்றித் திரிந்த அயர்லாந்துச் சிறுவனுக்குப் புதிய மேலங்கி கொண்டுசென்று கொடுத்தார். 1853 இல், தன் குடும்பத்தைக் கடல் கடந்து அழைப்பிக்கப் பணமின்றி வருந்திய தொழிலாளி ஒருவனுக்காக, ஊரிலே வீடுவீடாகச் சென்று கடன் கேட்டார். சிலர் மறுத்தனர், சிலர் கொடுத்தனர். ஒரு குடும்பத்தின் கொட்டிலை 6 மணிக்குத் தமதாக்கியவர், 8 ஆண்டின் பின் இன்னொரு குடும்பம் ஒரு கூரையின்கீழ்ச் சேர்தற்காகப் பிறர் வாயிலில் நின்றார். முன்னையதற்கு இது ஈடெனத் தோரோ கருதினாரென்று கூறுதற்கில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்து நோக்குதல் நம் கடன்.

1860 ஆம் ஆண்டு மார்கழியிலே, வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணுதற்குக் குளிரில் நின்றவர்க்குத் தடிமன் பற்றியது. அதனோடு காசநோய் முற்றி, 1862 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி, 44 ஆம் வயதிலே உயிர்நீத்தார்.

குடிலின் பின்வரலாறு அவர் கொள்கைக்கு உரையெழுதியது போன்றது. அவர் நீங்கியபின் எமேர்சனின் தோட்டக்காரர் ஒருவர் அதனைப் பெற்றார். 1849 இல் உழவர் ஒருவர் வாங்கி, ஊரின் மறுபுறத்திலுள்ள தம் பண்ணைக்குக் கொண்டுசென்று தானியக் களஞ்சியமாக்கினார். 1868 இல் அதன் கூரை பன்றிக் கொட்டிலுக்குக் கூரையாயிற்று. எஞ்சிய மரமும் 1875 அளவிலே பண்ணைக் கட்டடத்துக்குப் பயன்பட்டது. தொழிலாளியின் கொட்டிலிலிருந்து அறிஞர் குடிலுக்கு வந்த பலகை, அங்கிருந்து உழவர் களஞ்சியத்துக்கும் விலங்கின் கூரைக்கும் சென்றது. எவரும் அதனை என்றைக்குமாக உடைமை கொண்டாரல்லர்.

குடில் நின்ற இடத்தருகே 1872 இல் அல்கொற் ஒரு கல்லை வைத்தார். அங்கு வருவோர் ஒவ்வொருவரும் கல்லொன்று இட, நாளடைவில் அது பெருங்குவியலாய் வளர்ந்தது. 1945 இல், சரியாக 100 ஆண்டின் பின், ரோலன்ட் றொபின்ஸ் என்பவர் அகழ்ந்து, புகைபோக்கியின் அடித்தளக் கற்களைக் கண்டார். தோரோ கைகளிற் சுமந்து மேடேற்றிய கற்கள் அவை.

அவ்விரவற் கோடரியைத் தோரோ உரியவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, வாங்கியபோது இருந்ததினும் அது கூர்மையாயிருந்தது. நிலமும் மரமும் கல்லும் அயலவர் கையும் நமக்கு இரவலாக வாய்த்தவையே. அவற்றைப் பெற்றபடியே மீட்டுக் கொடுத்தல் நேர்மை. பெற்றதிற் சிறிது கூர்மையாக்கிக் கொடுத்தலே ஒப்புரவு.